வலது காதில் மழை

பாட்டுக்குள் டம்ளர் சத்தம் கிடையாது. அந்தப் பாட்டை அம்சம் இந்த வாரத்தில் மட்டும் இருநூறு முறையாவது கேட்டிருப்பாள். உறுமி எங்கே நுழைகிறது, பாடுகிறவன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் ஹெட்போன் மூடியிருந்த வலது காதில், உறுமிக்கும் கைதட்டலுக்கும் நடுவில், ஓர் எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து, ணங்கென்று ஒரு முறை எகிறி, அரைவட்டமாக உருண்டு, எதிலோ முட்டி நின்றது.

பாட்டை நிறுத்தி, அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டாள். உறுமி இருந்தது, கைதட்டல் இருந்தது, டம்ளர் இல்லை. தூக்கம் போதவில்லை என்று தன்னையே ஏசிக்கொண்டு மறுபடி ஓடவிட்டாள். ஒரு நிமிடம் போயிருக்கும். ஒயரைச் சரிசெய்யக் கையை நீட்டியபோது முழங்கை பட்டு, மேஜை ஓரத்திலிருந்த டீ டம்ளர் கீழே விழுந்தது. ணங்கென்று எகிறியது. அரைவட்டமாக உருண்டது. ஸ்பீக்கர் ஸ்டாண்டின் காலில் முட்டி நின்றது.

அதைக் குனிந்து எடுக்கக் கொஞ்ச நேரம் அவளுக்குக் கை வரவில்லை. பிறகுதான், காலையிலும் இதே டம்ளர் இதே இடத்தில் விழுந்தது நினைவுக்கு வந்தது. கதவோரம் ஆணியில் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் பாட்டுகளைக் கலக்கும் டி.ஜே. மிஷினில்தான் சொருகியிருந்தது. காலையில் விழுந்த சத்தத்தை மைக் பிடித்து வைத்து இப்போது திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். இரண்டாம் கை மிஷின், என்ன கூத்து வேண்டுமானாலும் ஆடும்.

அறை வீட்டுக்குப் பின்னால், வயலை ஒட்டி இருந்தது. கஜா புயலில் ஓடெல்லாம் பறந்துபோனபின் தகரம் வேய்ந்த கூரை. சன்னல் கிடையாது. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. சித்திரை மாதத்துப் பிற்பகலில் அதற்குள் உட்காருவது ஒரு தண்டனை. சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மூலையில் சுருட்டி வைத்த ஜமுக்காளத்தின் புழுங்கல் வாடையும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அம்சத்துக்கு அந்த அறை பிடித்திருந்தது. ஒரத்தநாடு சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு என்றால் அவள் அண்ணன் இராஜாங்கத்தின் சவுண்ட் சர்வீஸ்தான். மிஷினில் நிற்கும் மூஸா தை மாதம் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை குடவாசலில் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்கு நான் நிற்கிறேன் என்று அம்சம்தான் சொன்னாள். பொம்பளை டி.ஜே.யா என்று ஊரே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பழகு, உன்னை யாரும் தொந்தரவு பண்ணாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

வேலை கேட்பதற்கு எளிது. ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும். அதை இடது காது கேட்கும். அடுத்து வரப்போகிற பாட்டு ஹெட்போனில், வலது காதுக்கு மட்டும். கூட்டத்துக்கு அது இன்னும் கேட்காது. இரண்டின் தாளத்தையும் ஒன்றாக்கிவிட்டு மெல்ல மாற்றினால், ஆடுகிறவனின் கால் தடுக்காது. தானாகவே சேர்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. புதுப் பாட்டுகளுக்கு அது போதும். ஆளே உட்கார்ந்து அடித்த பழைய பாட்டுகளில் தாளம் மூச்சு விடுகிற மாதிரி கூடும், குறையும், பொத்தான் திணறிப்போகும். அதற்குக் காதுதான்; வேகத்துக்கு ஸ்லைடர், விரலால் அழுத்திப் பாட்டை இழுத்துப் பிடிக்க மிஷினின் வட்டத் தட்டு. தாளம் விலகியிருப்பது யாருக்கும் தெரிந்துவிடும், நொண்டுகிற மாதிரி இருக்கும். எது முன்னால் ஓடுகிறது, எது பின்னால் இழுக்கிறது என்பதுதான் புதிதாகக் கற்கிறவர்களுக்குப் பிடிபடாது. அம்சமும் அதில்தான் சறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் ஓடுவதைப் பின்தங்குகிறது என்று நினைத்து இன்னும் வேகத்தைக் கூட்டிவிடுவாள். பாட்டு பிய்த்துக்கொண்டு போகும்.

வலது பக்கம் பின்தங்குகிறது என்று இப்போதும் அவளுக்குத் தோன்றியது. வேக ஸ்லைடரைக் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

அடுத்து மின்விசிறி. தலைக்கு மேலே அது கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது, அதன் காற்று கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. வலது காதிலோ அதே கிறீச் மெல்ல மெல்ல இழுபட்டு, இரண்டு கிறீச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டு, நின்றுபோனது. நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பாட்டின் அடிகளை எண்ண ஆரம்பித்தாள், ஏன் எண்ணுகிறோம் என்று தெரியாமலே. ஒரு பாட்டு முழுதாக முடிந்தது, நான்கு நிமிடம். கரண்ட் போனது. டியூப்லைட் அணைந்தது. விசிறி இழுபட்டு இழுபட்டு நின்றது.

லேப்டாப் பேட்டரியிலும் ஸ்பீக்கர் இன்வெர்ட்டரிலும் ஓடின. மிஷினின் சிவப்பு, பச்சை விளக்குகள் மட்டும் அவள் விரல்களில் விழுந்தன. நேற்றும் இதே நேரத்துக்குத்தான் கரண்ட் போனது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். எழுந்து போய் மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வலது காதில் யாரோ வைக்கோல் மேல் நடந்தார்கள்.

ஒயரைப் பிடுங்கிய பிறகும். பிடித்து வைத்தது மிஷினுக்குள்ளே இருக்கும், ஒயர் போனால் என்ன? பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள் பேயைப் பற்றி யோசிக்கக்கூடாது. பின்தங்கி வருகிற சத்தம். எப்போதோ நடந்த சத்தம். பழக்கதோஷத்தில் கை ஸ்லைடரை இன்னும் மேலே தள்ளியது. வலது பக்கத்துப் பாட்டு முடிந்துபோயிருந்தது, ஆனால் தட்டு மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வெறுமையில் இரைச்சல் ஒன்று மெல்லச் சேர்ந்தது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே, அந்த மாதிரி. ஸ்பீக்கரின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஹெட்போனை வலது காதோடு அழுத்திக்கொண்டாள்.

இரைச்சலுக்கு அடியில் ஓர் ஆண்குரல் கேட்டது. "எங்க இருக்கா?"

தங்கையனின் குரல். எரிவாயுக் கம்பெனிக்கு நிலம் பேசி முடிக்கிறவன். அவன் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது என்று, கம்பெனிக்கு எதிரான போராட்டப் பந்தலில் தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்தத் தீர்மானத்தை மைக்கில் படித்ததே இராஜாங்கம்தான்.

"உள்ளதான். காதுல மாட்டியிருக்கா. நாம பேசுறது ஒன்னும் கேக்காது."

அது அண்ணன்.

நேற்று ராத்திரி பத்து மணி வரை அவள் இதே அறையில், இதே ஹெட்போனோடு இருந்தாள். அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் இவர்கள் நின்றிருக்கிறார்கள். மைக் பிடித்துவிட்டது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. தங்கையனோடு அண்ணன். அவ்வளவு தாழ்ந்த, பழகிய குரலில்.

மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். அவர்களுடைய அப்பா பண்ணையில் கூலிக்கு உழுதவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் அவருக்குக் கிடைத்த பங்கு அது. பட்டா கைக்கு வரப் பதினான்கு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார்; பண்ணை ஆட்கள் அடித்ததில் ஒரு கண்ணில் பார்வை போனது. அவர் செத்தபோது நிலம் அண்ணன், தங்கை இருவர் பேரிலும் வந்தது. பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்து முப்பது வருடம் ஆகியும், கூடப்பிறந்தவன் கேட்டால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் ஊர் வழக்கம். போடாதவளை ஊர் நல்லவள் என்று சொல்லாது. இரண்டு மாதம் முன்பு இராஜாங்கமும் கேட்டான், ஒரே பேரில் இருந்தால் வேலை சுலபம் என்று. பதிவு அலுவலகம் வரை போய்விட்டாள். வரிசையில் நிற்கும்போது பத்திரத்தைப் படித்துப் பார்த்தவள், வேண்டாம் அண்ணே என்றாள். மூலைவயல் அவர்களுடையது, அதன் வழியாகத்தான் கம்பெனி வண்டி உள்ளே நுழைய முடியும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி நுழையாது. அண்ணன் கோபப்படவில்லை. எதிர்க்கடையில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். "ஒனக்கு இஷ்டமில்லன்னா விடு. நெலம் எங்க ஓடிரப்போவுது" என்றான். அன்றிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்படியோர் அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதுதான் இப்போது வலித்தது, வேறெதையும் விட.

"படிச்ச பொண்ணு" என்றது தங்கையனின் குரல். "ஆபீஸ்லயே மாட்டேன்னவ, இப்ப கையெழுத்து போட்ருவாளா?"

"கையெழுத்து வேணாம்ணே. பத்திரம் போன வருசத் தேதி போட்டுதான எழுதியிருக்கு. கைநாட்டு போதும்."

கைநாட்டா? அவள் எதற்குக் கைநாட்டு வைக்க வேண்டும்? மூன்றாம் வகுப்பிலிருந்து கையெழுத்துப் போடுகிறவள். அது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தங்கையன் சொன்னான், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற சாவகாசத்தில்:

"கரண்டு அடிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம். சவுண்டு செட்டுக்காரங்களுக்கு நடக்குறதுதான்."

அண்ணி மூன்று நாளாக அம்மா வீட்டில். அண்ணன்தான் அனுப்பினான்.

எழுந்து ஓடியிருக்கலாம். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. ஆனால் இது நேற்று நடந்த பேச்சு. நேற்று ராத்திரி பத்து மணிக்கு அவள் உயிரோடுதான் வெளியே வந்தாள். அண்ணன் சோற்றைப் போட்டுவிட்டு, கருவாட்டுக் குழம்பில் பெரிய துண்டை அவளுக்குத் தள்ளி வைத்தான். அப்படியென்றால், இந்தப் பேச்சு முடிவதற்குள் அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். மனது வராமல் தங்கையனைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். சொல்லாமல் அவள் எப்படி இங்கே உட்கார்ந்திருக்க முடியும்? அந்த ஒரு சொல்லை அவள் கேட்க வேண்டும். அது மட்டும் கேட்டுவிட்டால் மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ஹெட்போனை இன்னும் அழுத்திக்கொண்டாள். காது மடல் வலித்தது.

இரைச்சல். செருமல். தங்கையன்: "நீ வேணா வெளிய நில்லு, தம்பி."

சொல்லு அண்ணே.

"இல்லண்ணே. நானே கூப்புடுறேன். நான் கூப்புட்டா பயப்பட மாட்டா."

இன்னும் சொல்லுவான். கடைசி நேரத்தில் சொல்லுவான். கண்ணீர் ஹெட்போனின் பஞ்சுக்குள் இறங்கியது. இரைச்சல் கூடிக்கொண்டே வந்து குரல்களை மூடியது. ஸ்டேஷன் கிடைக்காத இரைச்சல். இல்லை. அதில் கனம் இருந்தது. துளித்துளியாகப் பிரிந்தது. தகரத்தில் விழுந்து, வழிந்து, ஓரத்தில் சொட்டியது.

மழை.

நேற்று மழை பெய்யவில்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. மழை பெய்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது. வாய்க்காலில் புழுதி பறக்கிறது.

தலைக்கு மேலே, கூரையில், டப்பென்று ஒரு துளி விழுந்தது. இடது காதில்.

அப்புறம் இன்னொன்று.

எது முன்னால், எது பின்னால். ஒரு வாரமாகப் பிடிபடாதது அந்த நொடியில் பிடிபட்டது. வலது காது பின்தங்கவே இல்லை. முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளர் ஒரு நிமிடம் முன்னால். விசிறி நான்கு நிமிடம் முன்னால். பின்தங்குகிறது என்று நினைத்து அவள் வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் தூரம் போயிருந்தது. இரைச்சல் வலது காதில் தொடங்கி இப்போது பத்து நிமிடம் இருக்கும். மழை இங்கே இப்போதுதான் தொடங்குகிறது. அவர்கள் இன்னும் கதவுக்கு வரவில்லை. அந்தப் பேச்சை இன்னும் பேசவே இல்லை.

பத்து நிமிடம் இருக்கிறது. கதவு. வரப்பு. ரோட்டு முனையில் பந்தல். பந்தலில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். மூன்று நிமிட ஓட்டம்.

எழுந்தாள்.

எழுந்தவள் போகவில்லை. ஹெட்போன் காதில் இருந்தது. வலது கை தட்டின் மேல் இருந்தது. அவன் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவேளை அடுத்த மூச்சில் சொல்லிவிட்டால்? கூரையில் மழை வலுத்தது. காதிலும் மழை. ஒரே மழை, இரண்டு இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல். நொண்டியது. இடதில் ஓர் அடி, வலதில் ஓர் அடி, நடுவில் தடுக்கித் தடுக்கி. ஒரு வாரமாக, ராத்திரி கனவில்கூட, இந்த நொண்டலைச் சரிசெய்யத்தான் அவள் விரல்கள் பழகியிருந்தன. அது முன்னால் ஓடுகிறது. முன்னால் ஓடினால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவளைக் கேட்காமலே ஆள்காட்டி விரல் தட்டின் ஓரத்தில் பதிந்தது. அழுத்தியது. வலது மழை தயங்கியது. இழுபட்டது. ஒட்டி வந்தது.

சேர்ந்தது.

இவ்வளவு துல்லியமாக அவள் ஒருபோதும் சேர்த்ததில்லை. இரண்டு மழையும் ஒரே மழையாயிற்று. ஒரு நொடி, ஒரேயொரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அம்சு."

இரண்டு காதிலும். ஒரே நேரத்தில்.

வலது மழையை இழுத்துப் பிடித்ததிலேயே அந்தப் பத்து நிமிடமும் விரலுக்கடியில் போய்விட்டது.

கதவு திறந்தது. மழை வெளிச்சத்தில் இராஜாங்கம் நின்றான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்தவளை எழுப்புவானே, அதே குரலில், பயப்படாதே, நான்தான் என்றான். அவனுக்குப் பின்னால் தங்கையன் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். வேறு வழி அந்த அறைக்கு இல்லை.

அண்ணே என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த அவளுடைய இடது கையைப் பார்த்தான். பெருவிரலை.

வலது கை விரல் தட்டிலிருந்து நழுவியது. விட்டால் விலகும், சேர்த்த தாளம் எதுவும் தானாக நிற்காது. வலது மழை மறுபடி முன்னால் ஓடத் தொடங்கியது.

வலது காதில் நாற்காலி சாய்ந்தது. அறையில் நாற்காலி நின்றுகொண்டிருந்தது.

வலது காதில் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள். நீண்ட நேரம். பிறகு இல்லை. மழை மட்டும்.

இராஜாங்கம் ஓர் அடி உள்ளே வந்தான். கால்சட்டைப் பையிலிருந்து ஸ்டாம்பு பேடை எடுத்தான். தகரப் பெட்டி, ஈரக்கை, மூடி வழுக்கியது. நகத்தைக் கொடுத்து நெம்பித் திறந்துகொண்டிருந்தான்.

வலது காதில், அதை மூடுகிற சத்தம் கேட்டது.